அவுட்லுக் நாட்காட்டியில் சொந்தப் படிவம்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அவுட்லுக்கில் புதிய சந்திப்பைத் திறந்தால் தலைப்பு, இடம், நேரம், கீழே ஒரு பெரிய வெற்றுப் பெட்டி. எந்த வாடிக்கையாளர், எந்தத் திட்டம், பில்லில் சேர்க்க வேண்டிய நேரமா என்பதையெல்லாம் முன்பு அந்தப் பெட்டியிலேயே எழுதிவந்தேன். எழுதுவது சுலபம். மாதக் கடைசியில் தேடி எடுப்பதுதான் பெரும்பாடு. அதனால்தான் சொந்தப் படிவத்துக்கு, அதாவது எனக்கு வேண்டிய பெட்டிகளைச் சேர்த்து நானே வடிவமைத்த சந்திப்புப் பக்கத்துக்கு மாறினேன். இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் கணினியில் நிறுவும் பழைய பதிப்பான கிளாசிக் அவுட்லுக்கைப் பற்றியது.

படிவத்தை வடிவமைக்க டெவலப்பர் டேப் போதும். ஆனால் சந்திப்புப் படிவத்தின் முதல் பக்கத்தை அதில் மாற்ற முடியாது, பி.2 முதல் பி.6 வரையிலான பக்கங்கள்தான் நம் கைக்கு வரும். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அதுவே நல்லது என்று தோன்றுகிறது. தேதியும் நேரமும் பழைய இடத்திலேயே இருக்கின்றன, என் தகவல்கள் அடுத்த டேபில்.

படிவத்தின் அழகைவிட முக்கியமானது ஃபீல்டு, அதாவது ஒரு தகவல் தனிப் பெயரில் சேமிக்கப்படும் இடம். பக்கத்தில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டால் மட்டும் போதாது, அதை ஒரு ஃபீல்டோடு இணைக்க வேண்டும். இணைக்காத பெட்டியில் எழுதியது சேமிக்கப்படாது. இணைத்துவிட்டால் நாட்காட்டியைப் பட்டியலாக மாற்றி, திட்டம் வாரியாகத் தொகுத்துப் பார்க்கலாம். எனக்கு இந்த ஒரு வசதிக்காகவே மாறியது தகும். கூட்டுத்தொகை மட்டும் அந்தப் பட்டியலில் வராது. வரிசைகளை நகலெடுத்து எக்செலில் ஒட்டிக்கொள்கிறேன். ஏற்றுமதி விசர்டை நம்ப வேண்டாம், நாம் உருவாக்கிய ஃபீல்டுகளை அது விட்டுவிடும்.

படிவத்தை வெளியிட்டு (பப்ளிஷ் கட்டளையால் அவுட்லுக்கில் பதிந்து), நாட்காட்டிக் கோப்புறையின் பண்புகளில் அதையே இயல்பான படிவமாகத் தேர்ந்தெடுத்தால் புதிய சந்திப்புகள் அதில் திறக்கும். பழையவை திறக்காது. ஒவ்வொரு சந்திப்பும் தன் படிவத்தின் பெயரை மெசேஜ் கிளாஸ் என்ற பண்பில் வைத்திருக்கிறது. பழையவற்றில் அது வெறும் ஐபிஎம்.அப்பாயின்ட்மென்ட். அதை மாற்றிச் சேமிக்க, அவுட்லுக்குக்குள்ளேயே எழுதி ஓட்டும் நாலைந்து வரிச் சிறு நிரல் (விபிஏ மேக்ரோ) போதும். நாட்காட்டியை நகலெடுத்து, அந்த நகலில் முதலில் ஓட்டிப் பாருங்கள்.

படிவத்துக்குள்ளேயே நிரல் எழுதிவைக்கும் ஸ்கிரிப்ட் பக்கம் நான் போகவில்லை. 2017 செப்டம்பர் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு படிவத்துக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கும், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் போய்த்தான் திறக்க வேண்டும். அது எழுதப்படும் விபிஸ்கிரிப்ட் மொழியையே கைவிடப்போவதாக 2023-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. திட்டத்தின் பெயரைக் காலியாக விட்டால் எச்சரிக்க வேண்டும், அவ்வளவுதானே? பெட்டியின் பண்புகளில் 'மதிப்பு கட்டாயம்' என்று டிக் செய்தாலே அது நடந்துவிடும்.

அப்புறம் ஃபோன். ஃபோனிலும் வெப் அவுட்லுக்கிலும் இந்தப் படிவம் வராது. ஃபீல்டில் உள்ள மதிப்பு பத்திரமாக இருக்கும், ஆனால் கண்ணில் படாது. ஃபோனில் போட்ட சந்திப்புகள் சாதாரணப் படிவத்திலேயே உட்கார்ந்திருக்கும் என்பதால் அந்த மேக்ரோவை அவ்வப்போது ஓட்டவேண்டியிருக்கிறது. பாதி நாள் ஃபோனிலேயே ஓடுகிறது என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். வண்ண வகைப்பாடுகளை வைத்தே ஓரளவு சமாளித்துவிடலாம். அவை எல்லா இடத்திலும் ஓரளவுக்காவது கூடவே வரும்.

விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்கில் சொந்தப் படிவமும் இல்லை, விபிஏவும் இல்லை. கிளாசிக் பதிப்புக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதுவரை நான் இதை விடப்போவதில்லை. ஆனால் புதிதாக ஃபீல்டு எதையும் சேர்ப்பதை நிறுத்திவிட்டேன்; திட்டத்தின் சுருக்கப் பெயரைச் சந்திப்பின் தலைப்பிலும் முதல் சொல்லாகப் போட்டுவைக்கிறேன்.