கேப்டரா, ஆர்க்தட்டா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரவை மில்லுக்காக ஜாவாவில் சின்னதாக ஒரு மென்பொருள் எழுதுகிறேன். நெல் இறங்கியதும் மூட்டை, எடை, ஈரப்பதம் மூன்றும் விவசாயிக்கு எஸ்எம்எஸ்ஸில் போக வேண்டும். டெஸ்ட்டில் நிஜ எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது. அந்த இடத்தில் மாக்கிட்டோ என்ற ஜாவா டெஸ்ட் நூலகம் தரும் மாக், அதாவது போலி ஆப்ஜெக்ட்தான் நிற்கிறது. சரி, அதற்குள் போன ஆர்க்யுமென்ட் (அழைக்கும்போது கொடுக்கும் மதிப்பு) சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? மாக்கிட்டோவில் இரண்டு வழி: போனதைப் பிடித்துக் கையில் தரும் கேப்டர் (ArgumentCaptor), போனது நாம் சொன்ன நிபந்தனைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஆர்க்தட் (argThat).

வெறும் எண்ணோ பெயரோ என்றால் பேச்சே இல்லை, அழைப்பு நடந்ததா என்று சரிபார்க்கும் வெரிஃபையிலேயே எழுதிவிடலாம். ரசீது மாதிரி ஆறேழு விவரம் சுமந்த ஆப்ஜெக்ட் போனால்தான் தலைவலி, அதுவும் இரண்டு ஆப்ஜெக்ட் சமமா என்று ஒப்பிடும் ஈக்வல்ஸ் எழுதாத ஆப்ஜெக்ட் என்றால்.

முதலில் ஆர்க்தட்தான் பிடித்திருந்தது. நிபந்தனை ஒரே வரி லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்), பார்க்க லட்சணமாக இருக்கும். குறுவை அறுவடை மழையில் மாட்டிய வாரம், ஈரப்பதத்துக்காக எடையில் கழிக்கும் கணக்கை மாற்றினேன். அரசுக் கொள்முதலில் வழக்கமாக உள்ள 17 சதவீத ஈரப்பத வரம்பைத்தான் இந்த மில்லிலும் வைத்திருக்கிறார்கள். ஏழு டெஸ்ட் விழுந்தன. தப்பு எடையிலா ஈரத்திலா? லாம்டாவுக்கு ஆம், இல்லை தவிர வேறு பேச்சு தெரியாது. வந்த ரசீதைக் காட்டத்தான் செய்தது, ஆனால் ஆப்ஜெக்ட்டை எழுத்தாக மாற்றிக் காட்டும் டூஸ்ட்ரிங்கை நான் எழுதாததால் கிளாஸ் பெயரும் ஏதோ குறியீடும்தான் தெரிந்தன. ராத்திரி முழுக்க, நிரலை வரி வரியாக ஓட்டிப் பார்க்கும் டீபக்கரோடு போனது.

கேப்டருக்கு இரண்டு மூன்று வரி கூடுதல். ஆனால் ரசீது கைக்கு வந்துவிடும், ஒவ்வொரு விவரத்துக்கும் தனி அசர்ட் (சரிபார்ப்பு வரி) போடலாம். டெஸ்ட் விழுந்தால் ‘எதிர்பார்த்தது 17, வந்தது 19’ என்று முகத்துக்கு நேரே சொல்லும். சில மாதம் கழித்து, சம்பா வரும்போது, இந்த நிரலை நானே மறந்திருப்பேன். அன்றைக்கு இந்த ஒரு வரி போதும். இதற்காகவே கேப்டருக்கு மாறினேன்.

ஒரு குழி உண்டு. கேப்டர் நகல் எடுப்பதில்லை, ரெஃபரென்ஸை, அதாவது அசல் ஆப்ஜெக்ட்டைக் காட்டும் சுட்டியைத்தான் வைத்துக்கொள்கிறது. லூப்பில் ஒரே ரசீதைத் திரும்பத் திரும்ப நிரப்பி மூன்று பேருக்கு அனுப்பினேன். பிடித்ததையெல்லாம் பட்டியலாகத் தரும் கெட்ஆல்வேல்யூஸில் மூன்றிலும் கடைசி ஆளின் எடை! வெரிஃபை பிறகுதான் ஓடுவதால் ஆர்க்தட்டும் இதே குழியில் விழும். ஆளுக்கொரு புது ரசீது உருவாக்கியதும் சரியானது.

மாக்கே இல்லாமல், வந்ததை அப்போதே நகலெடுத்துப் பட்டியலில் போடும் சின்ன கிளாஸை நாமே எழுதலாம். ஒரே ஒரு இடத்தில்தான் செய்து பார்த்தேன், அங்கே நன்றாக இருந்தது. பெரிய புராஜெக்ட்டில் எப்படி என்று சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை.

ஆர்க்தட்டை முழுக்க விடவில்லை. ஆர்க்யுமென்ட்டைப் பார்த்து மாக் வேறு வேறு பதில் தர வேண்டிய இடங்களில், அதாவது வென் எழுதும்போது, இப்போதும் அதுதான்.