ஜமக்காளக் கடைக்கு வந்த இரண்டு கொட்டேஷன்

பவானியில் ஜமக்காளம் விற்கும் என் மச்சான் போன மாதம் வாட்ஸ்அப்பில் இரண்டு கொட்டேஷன் அனுப்பி, "இதுல எதுங்க மாப்ள தேறும்?" என்று கேட்டார். கடைக்கு வெப்சைட் போட வேண்டும். ஈரோட்டு நிறுவனம் கேட்டது 18,000 ரூபாய். கோவை நிறுவனம் 72,000, ஜிஎஸ்டி தனி.

விலையை வைத்து முடிவு செய்தால் இரண்டு பக்கமும் ஏமாறலாம். வெப்சைட் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளுக்குக் காசே கிடையாது. ஐந்து பக்க வெப்சைட்டை 18,000-க்கு நாணயமாகவே செய்து தர முடியும். என்னை உறுத்தியது அதிலிருந்த 'டொமைன் இலவசம்' என்ற வரிதான். டொமைன் என்றால் வெப்சைட்டின் முகவரி.

அந்த இலவசத்தில் ஒருமுறை மாட்டியவன் நான். டொமைனை அவர்கள் கணக்கிலேயே பதிவு செய்திருந்தார்கள். புதுப்பிக்க மறந்தார்கள், போனையும் எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் அந்த முகவரியில் ஓடிய ஆபீஸ் மெயில் மொத்தமும் நின்றுபோனது. டாட் காம் முகவரி காலாவதியானால், சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்கப் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை கிடைக்கலாம். அப்புறம் மீட்புக் காலம் 30 நாள், அதற்குக் கூடுதல் கட்டணம். நான் விழித்துக்கொண்டது இந்த இரண்டாம் கட்டத்தில். அதனால் ஈரோட்டுக்காரரிடம் முதலில் கேட்டதே, "டொமைன் யார் மெயில் ஐடியில் பதிவாகும்?" என்றுதான். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்றார். கோவைக்காரர்களோ நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கொட்டேஷனிலேயே எழுதியிருந்தார்கள்.

ஈரோட்டுத் தாளில் இன்னொன்று: மூன்றே மாதத்தில் கூகுளில் முதலிடம், உத்தரவாதம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. எந்தச் சொல்லுக்கு முதலிடம் என்றும் கேட்க வேண்டும். மச்சான் கடைப் பெயரைத் தட்டினால் அவர் கடை முதலில் வருவது பெரிய வித்தையா? அந்தப் பெயரில் வேறு கடையே இல்லை. 'இன்றே முழுப் பணம் கட்டினால் 2,000 தள்ளுபடி' என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோவைக்காரர்கள் 40, 40, 20 சதவீதமாகக் கேட்டார்கள். கடைசி 20 எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகு.

அதற்காகக் கோவை சுத்தம் என்று நினைக்க வேண்டாம். வெப்சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டிக் காக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு வருடம் 4,500 போட்டிருந்தார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது, இந்தக் கடைக்கு அது தாராளம். அதைவிடப் பெரிய வில்லங்கம், வெப்சைட் அவர்களுடைய சொந்த மென்பொருளில் ஓடும் என்பது. நாளைக்கு ஒத்துவராமல் வெளியே வந்தால் படங்களும் எழுத்தும் மிஞ்சும், வெப்சைட் மிஞ்சாது.

இரண்டு தாளிலும் இல்லாத வரி ஒன்று உண்டு: கோடும் (வெப்சைட்டை இயக்கும் நிரல்) டிசைனும் யாருக்குச் சொந்தம்? காசு கொடுத்தவருக்கு என்றுதான் மச்சானும் நினைத்திருந்தார். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, வெளியாளிடம் செய்து வாங்கும் கோடின் உரிமை பொதுவாகச் செய்தவரிடமே இருக்கும். எழுத்து மூலம் மாற்றித் தந்தால்தான் நமக்கு வரும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் கணக்கு. ஜமக்காளத்தை வெளிநாட்டுக்கும் அனுப்ப நினைப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

முன்பு செய்த வேலைகளையும் போனில் திறந்து பார்த்தோம். ஈரோடு காட்டிய மூன்றில் இரண்டு திறக்கவேயில்லை. கோவையுடையவை எல்லாம் திறந்தன, ஒன்று மட்டும் ஆமை வேகம்.

கோவைக்கே திருப்பி எழுதினோம்: வேர்ட்பிரஸில் செய்ய வேண்டும், எஸ்எஸ்எல் கட்டணத்தை எடுக்க வேண்டும், உரிமை மாற்றம் காலமும் எல்லையும் குறிப்பிட்டு ஒப்பந்தத்தில் வர வேண்டும். இரண்டு நாளில் மூன்றுக்கும் சரி என்றார்கள். மொத்தம் 61,000-க்கு இறங்கியது.

டொமைனை மச்சான் தன் பெயரிலேயே, தன் கார்டிலேயே வாங்கிவிட்டார். பாஸ்வேர்டைக் கடைக் கணக்கு நோட்டின் பின் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதை மாற்றச் சொல்ல இன்னொரு நாள் பவானி போக வேண்டும்.