இரண்டு வருடமாக டிவிடியிலிருந்தே லினக்ஸ்

போன வாரம் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் டிவிடி டிரைவின் லென்ஸைத் துடைத்து வாங்கி வந்தேன். விஷயத்தைக் கேட்ட நண்பர், "இன்னுமா டிஸ்க்கில் ஓட்டுகிறாய்? என் பழைய கம்ப்யூட்டருக்கும் இது போதுமா?" என்றார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஹார்டு டிஸ்க் செத்த அன்று, நாலு நாளைக்கு ஓடட்டும் என்று லினக்ஸ் மின்ட் லைவ் டிவிடியைப் போட்டேன். லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்; லைவ் டிவிடி என்றால், எதையும் நிறுவாமல் தட்டிலிருந்தே அதை ஓட்டலாம். இரண்டு வருடம் ஆகிவிட்டது. ரேம் 8 ஜிபி, ஃபைல்கள் பென்டிரைவில்.

வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. டிவிடியில் இருப்பது 2 ஜிபிக்கு மேல் வரும் சுருக்கப்பட்ட ஃபைல். அப்படியே விட்டால், பிரவுசரைத் திறக்கும்போதெல்லாம் லென்ஸ் அங்கும் இங்கும் ஓடித் தேடும், டிரைவ் கரகரக்கும். ஆனால் கம்ப்யூட்டர் எழும்போது வரும் பூட் மெனுவில் டேப் அழுத்தி, வரிக் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு 'டூரேம்' (toram) என்று ஒரே சொல்லாகச் சேர்த்தால் மொத்தமும் ரேமுக்கு ஏறிவிடும். காபி போட்டு வரும் நேரம்தான். அப்புறம் டிரைவிலிருந்து சத்தமே வராது.

என் கோபம் கீபோர்டு மேல். தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு லேஅவுட், 1999இல் இதே சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரமானது. அது டிஸ்க்கிலேயே இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரை அணைத்தால் அமைப்புகள் எல்லாம் போய்விடும் என்பதால், தினமும் காலையில் செட்டிங்ஸ் திறந்து, கீபோர்டு, லேஅவுட், தமிழ், தமிழ்99, மாற்றுவதற்கு ஒரு ஷார்ட்கட் என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வைஃபை பாஸ்வேர்டும் அப்படியே. ஒருநாள் தண்ணீர் லாரி பற்றி எங்கள் அடுக்குமாடிக்கு நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது நோட்டீஸும் இல்லை, தமிழும் இல்லை. அமைப்புகளைச் சேமித்து வைக்கப் பென்டிரைவில் தனி இடம் ஒதுக்கலாமே என்பார்கள். ஒதுக்கினேன். இரண்டு முறை கரண்ட் போனதில் அந்தப் பகுதியே பழுதாகிவிட்டது.

டிவிடிக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எழுத முடியாத தட்டு என்பதால் எத்தனை முறை கரண்ட் போனாலும் புதிதாகவே எழுந்து வரும். மாடி வீட்டு அக்காவின் லேப்டாப்பில் விண்டோஸ் எழவில்லை. கடையில் ஃபார்மட் செய்யச் சொன்னார்களாம். இந்த டிவிடியைப் போட்டதும் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் அப்படியே திறந்தது. அவர் பையனின் முதல் பிறந்தநாள் படங்கள் மொத்தத்தையும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். அக்கா அழுதுவிட்டார். அன்றைக்கு இந்தத் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது.

இருந்தாலும் நண்பருக்கு என் பதில், வேண்டாம். தினசரி வேலைக்கு, அதிலும் தமிழில் எழுதுகிறவருக்கு, இது சரிப்படாது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி இதே மின்ட்டை நிறுவிக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் டிவிடி ஒன்று எழுதித் தருகிறேன். அது அவசரத்துக்குப் பீரோவில் இருக்கட்டும்.