எச்சரிக்கை: தலையில் அடிபட்டவரின் தலைச்சுற்றலுக்கு 24 அமர்வுகள் விற்ற ஒரு மையம்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கடைவீதி மாடி ஒன்றில் இயங்கும் 'நரம்பு மற்றும் சமநிலை' சிகிச்சை மையத்துக்கு என் அண்ணன் மூன்று மாதம் போய் வந்தார். 36,000 ரூபாய் கட்டிவிட்டு, போன நாளில் இருந்ததைவிட மோசமான நிலையில் திரும்பினார். புகார் விசாரணையில் இருப்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணன் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். சென்ற ஐப்பசியில், விடிவதற்கு முன் தோட்டத்துக்குப் போகும் வழியில், மழை ஈரத்தில் பைக் சறுக்கி விழுந்தார். ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் இருந்தது. மூளையில் சிறிய இரத்தக்கசிவும் வலது காதை ஒட்டிய எலும்பில் மெல்லிய விரிசலும் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. எட்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். அதன் பிறகுதான் எங்கள் பக்கத்தில் தலைகறக்கம் என்று சொல்லும் அந்தத் தொல்லை தொடங்கியது. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால், "கட்டிலோட உருண்டு போறேன்லே தம்பி" என்று கத்திக்கொண்டு மைனியின் (அண்ணியின்) கையைப் பிடித்துக்கொள்வார். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். குனிந்து சிரட்டையை எடுத்தாலும், மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தாலும் அதேதான். இது போக, இருட்டிலும் மேடுபள்ளத்திலும் நடக்கும்போது குடித்தவர் போலத் தள்ளாட்டம் இருந்தது.

இந்த மாவட்டத்தில் தலையில் அடி என்றால் உறவினர்கள் முதலில் சொல்வது வர்ம ஆசானின் பெயரைத்தான். அங்கும் அழைத்துப் போனோம். அவர் அண்ணனைப் பார்த்துவிட்டு, "எலும்பு பொட்டினவனுக்க கழுத்த நான் தொடமாட்டேன், மக்களே, பெரிய ஆஸ்பத்திரியில காதையும் தலையையும் ஒருக்கா கூடி காட்டு" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார், காசும் வாங்கவில்லை. அவர் சொன்னபடி நேராகப் போயிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த விளம்பரத் தாளை நம்பி அந்த மாடிப்படி ஏறியது என் தவறு.

வெள்ளைக் கோட்டு அணிந்தவர் மருத்துவமனைச் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது, எந்தப் பக்கம் புரண்டால் சுற்றுகிறது என்ற கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. தலையில் பட்டை ஒன்றைக் கட்டி, ஐந்து நிமிடத்தில் வண்ண வண்ணமாக ஒரு மூளைப்படத்தை அச்சிட்டுக் கொடுத்து, "மூளை நரம்பு தளர்ந்திருக்கிறது, 24 அமர்வு, அமர்வுக்கு 1,500" என்றார். பாதிப் பணத்தை முன்கூட்டியே ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். ரசீது கேட்டபோது, பதிவு எண்ணோ மருத்துவரின் பெயரோ இல்லாத துண்டுச்சீட்டு கிடைத்தது. அமர்வு என்பது நீல விளக்கு மினுங்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காதுக்குப் பின்னால் லேசான மின்னதிர்வோடு இருபது நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதுதான். கூடவே காகித உறையில் இரண்டு வகை மாத்திரைகள். அவற்றுக்கு விலை தனி.

இரண்டாம் மாதத்தில் அண்ணனின் நடை சுருங்கியது. முகத்தில் சிரிப்பு வரவில்லை. தேநீர் டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. மையத்தில் கேட்டதற்கு, "நரம்பு விழிக்கும்போது அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அந்தப் பதில் எனக்கு அன்றைக்கு ஆறுதலாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கண்ணைத் திறந்துவிட்டவர் கருங்கல் பக்கத்திலிருந்து வரும் ஒரு பாட்டி. காத்திருந்த நேரத்தில் அவருடைய மகன் தன் அம்மாவின் மூளைப்படத்தைக் காட்டினார். நான் அண்ணனுடையதை அதன் பக்கத்தில் வைத்தேன். நிறம், வட்டம், கீழே இருந்த எண்கள், தசமப்புள்ளிக்குப் பின்னால் இருந்த இலக்கம் உட்பட இரண்டும் ஒன்றே. 72 வயதுப் பாட்டிக்கும் 44 வயதுப் பால்வெட்டுக்காரருக்கும் ஒரே மூளை. மறுநாளே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இருந்த மருத்துவர் அம்மா பழைய ஸ்கேனைப் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்று எடுக்கச் சொன்னார். தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்தும் மூளையின் மேலுறைக்கு அடியில் மெல்ல இரத்தம் சேரக்கூடும் என்பதால், அது இல்லை என்று உறுதியாக வேண்டும் என்றார். கழுத்தெலும்பில் பாதிப்பு இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டார். பிறகு அண்ணனைப் பரிசோதனை மேசையில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, தலை விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி சட்டென்று படுக்க வைத்தார். "கண்ணை மூடாதீங்க, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சில நொடிகளில் கருவிழிகள் சுழன்று துள்ளத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கின. 1952ஆம் ஆண்டு டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்த சோதனை இது. இதற்குக் கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு மேசையும் பார்க்கத் தெரிந்த கண்ணும் போதும்.

உட்செவியில் ஒரு சிறு பையினுள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தலையில் பலமாக அடிபட்டால் அவை உதிர்ந்து, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழல்களுக்குள் போய்விடலாம். தலையைத் திருப்பும்போது குழலுக்குள் அவை நகர, அங்குள்ள திரவமும் அசைகிறது. தலை நின்ற பிறகும் உடல் சுற்றுவதாகவே மூளைக்குச் செய்தி போகிறது. துகள்களை மாத்திரையால் வெளியேற்ற முடியாது. தலையை ஒழுங்கான வரிசையில் நான்கைந்து நிலைகளில் திருப்பி, துகள்களைப் பழைய இடத்துக்கே உருட்டிவிட வேண்டும். எப்லி என்பவரின் பெயரால் அழைக்கப்படும் அந்த முறையை அதே மேசையில் செய்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. விபத்தால் வரும் இந்த வகைத் தலைச்சுற்றல் பல நேரம் இரண்டு காதிலும் இருக்கும், திரும்பவும் வரும் என்று சொல்லி அனுப்பினார். அப்படியே இடப்பக்கமும் இருந்ததால் மூன்று முறை போக வேண்டியிருந்தது. வெளிநோயாளிச் சீட்டுக்குப் பணம் கட்டவில்லை.

மாத்திரை விஷயம் இதைவிடக் கவலை தந்தது. உறையில் ஒட்டியிருந்த கிழிந்த மாத்திரைப் பட்டைத் துண்டுகளை வைத்து, ஒன்று தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் பீட்டாஹிஸ்டின், மற்றது புரோகுளோர்பெரசின் என்று மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். இரண்டாவது மருந்து கடுமையான தலைச்சுற்றலுக்கும் வாந்திக்கும் சில நாள் கொடுப்பது. மாதக்கணக்கில் கொடுத்தால் நடுக்குவாதம் போன்ற நடுக்கமும் உடல் இறுக்கமும் வரலாம். சமநிலையைத் திரும்பக் கற்றுக்கொள்ள முயலும் மூளையையும் அது மந்தப்படுத்தும். மருத்துவரின் மேற்பார்வையில் அதை நிறுத்தியதும் கை நடுக்கம் வாரங்களில் குறைந்தது.

சுழற்சி போனாலும் தள்ளாட்டம் உடனே போகவில்லை. அது வேறு கணக்கு. அதற்குப் பயிற்சிதான் மருந்து என்று பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார்கள். நீட்டிய கைக் கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை மட்டும் இடவலமாக அசைப்பது, சுவர் மூலையில் கால்களைச் சேர்த்து நின்று கண்களை மூடுவது, நடந்துகொண்டே தலையைத் திருப்புவது என்று நாளுக்கு மூன்று வேளை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தலையில் காயமடைந்த வீரர்களுக்காக இங்கிலாந்தில் காத்தோர்னும் குக்ஸியும் வகுத்த பயிற்சிகளின் வழியில் வந்தவை இவை. செய்யும்போது லேசாகத் தலை சுற்றத்தான் செய்யும். அந்தச் சுற்றலைத் தாங்கித்தான் மூளை பழகுகிறது. இரண்டு வேளை ஏமாற்றிவிட்டு மூன்று வேளையும் செய்ததாக அண்ணன் சொல்வதை மைனி பிடித்துவிடுவார்.

இதே நிலையில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், காணொளியைப் பார்த்து அவர் கழுத்தைத் திருப்பாதீர்கள், எலும்பு முறிந்திருக்கலாம். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், காதில் நீர் வடிதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மற்றபடி, உங்களைப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்க்காமல் அமர்வுகளுக்கு விலை சொல்கிறவரிடம், அவருடைய மருத்துவப் பதிவு எண்ணைக் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது, "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு" என்றார்கள்.

மீதி அமர்வுகளின் பணத்தைத் தர மறுத்ததால், மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுத்திருக்கிறோம். நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறோம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். துண்டுச்சீட்டு, ஜிபே விவரம், மாத்திரை உறை ஆகியவற்றோடு அண்ணனின் மூளைப்படத்தையும் இணைத்தோம். கருங்கல் பாட்டியின் மகன் சம்மதித்துத் தந்ததால், அதன் கீழே அவருடைய அம்மாவின் படமும் இருக்கிறது.