ஆல்பனியா, பர்மிங்ஹாமா?

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் மீதான இனப் பாகுபாட்டை அறவழியில் எதிர்த்த மார்ட்டின் லூதர் கிங்கைப் புரிந்துகொள்ள ஒரு போராட்டம் போதும் என்றால் எல்லோரும் பர்மிங்ஹாமைத்தான் காட்டுவார்கள். என் ஓட்டு ஆல்பனிக்கு.

ஜார்ஜியாவின் ஆல்பனியில் 1961-62இல் கிங் தோற்றார். அங்கே போலீஸ் தலைவராக இருந்த லாரி பிரிட்செட் கெட்டிக்காரர். கேமராக்களுக்கு முன்னால் அடிதடி நடக்க விடவில்லை. ஊர்ச் சிறை நிரம்பிவிடாதபடி கைதானவர்களை அக்கம்பக்கத்துச் சிறைகளுக்குப் பிரித்து அனுப்பினார். 1962 ஜூலையில் கிங்குக்கு 178 டாலர் அபராதம், இல்லாவிட்டால் 45 நாள் சிறை. அவர் சிறையைத் தேர்ந்தெடுத்தார். மூன்றே நாளில் யாரோ அபராதத்தைக் கட்டியதாகச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். சிறையிலிருந்து விரட்டப்பட்ட கைதியைக் கேள்விப்பட்டதுண்டா?

அலபாமாவின் பர்மிங்ஹாமில், 1963இல், கதை வேறு. ஆல்பனியில் எல்லாப் பாகுபாட்டையும் ஒரே மூச்சில் எதிர்த்தார்கள். இங்கே சூடுபட்ட பூனையாக ஈஸ்டர் வியாபார நேரத்தில் கடைவீதியை மட்டும் குறிவைத்தார்கள். கைதான கிங், தன் போராட்டத்தை நியாயப்படுத்தி, சிறையில் செய்தித்தாளின் ஓரங்களில் கடிதம் எழுதினார். மே மாதம் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலமாக வர, நகரின் போலீஸுக்கும் தீயணைப்புத் துறைக்கும் பொறுப்பாக இருந்த புல் கானர் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவினார். படங்கள் உலகமெங்கும் போயின. அப்புறம் 1964இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம்.

பிரிட்செட் போன்ற ஒருவர் பர்மிங்ஹாமில் இருந்திருந்தால்?