நிழலை அளக்க எந்த மென்பொருள்? என்வி-மெட், சோல்வெய்க், ரேமேன்

தெருவில் மரம் நட்டால் எத்தனை டிகிரி குறையும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் காற்றின் வெப்பநிலையைத்தான் நினைக்கிறார்கள். அதில் ஒன்றிரண்டு டிகிரி குறைந்தாலே பெரிது. ஆனால் உச்சிவெயிலிலிருந்து அடர்ந்த நிழலுக்குள் நுழைந்தால் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை இருபது, முப்பது டிகிரிகூட இறங்கும். சூரியன், வானம், சுவர், தரை என எல்லாப் பக்கமிருந்தும் உடல்மீது விழும் கதிர்வீச்சைத் திரட்டிச் சொல்லும் எண் அது. ஆகவே நிழலின் பயனைக் கணக்கிடும் இந்த மூன்று மென்பொருள்களையும் இந்த எண்ணை வைத்தே எடைபோடுகிறேன்.

ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் உருவான ரேமேன் ஓர் இடத்துக்கு மட்டும் விடை சொல்லும். அங்கிருந்து முழு வானத்தையும் ஒரே படத்தில் அடக்கும் மீன்கண் லென்ஸில் எடுத்த படமும் வானிலைத் தரவும் போதும், நொடிகளில் முடிந்துவிடும். வரைபடம் வேண்டுமென்றால் இதை நாடிப் பயனில்லை.

என்வி-மெட் எல்லாவற்றையும் கணக்கிடும்: காற்றோட்டம், ஈரப்பதம், இலைகள் விடும் நீராவி, மண்ணின் ஈரம், சுவரின் சூடு. அதற்கு விலையும் உண்டு. முழுப் பதிப்புக்குப் பணம் கட்டவேண்டும். சில தெருக்களுக்கு ஒரு நாளை ஓட்டவே கணினி நாள்கணக்கில் உழைக்கும். தொடக்க மணிநேரங்களின் முடிவுகளையும் கணக்கிடும் பகுதியின் எல்லையோரக் கட்டங்களையும் நம்ப முடியாது.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008இல் வெளிவந்த சோல்வெய்க், கதிர்வீச்சை மட்டுமே பார்க்கும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் யுமெப் என்ற இலவச நீட்சிக்குள் கிடைக்கிறது. கட்டட உயரம், மர உயரம், மணிவாரியான வானிலைத் தரவு கொடுத்தால் ஒரு நகர்ப்பகுதியையே வரைந்து தரும். காற்றோட்டத்தை அது கணக்கிடாது. ஆனால் வெயில் கொளுத்தும் பகலில் உடலை வாட்டுவது பெரும்பாலும் கதிர்வீச்சுதானே! நிழல் எங்கே வேண்டும் என்ற கேள்விக்கு என் தேர்வு இதுதான். காற்றுவழியை அடைக்கும் கட்டடமோ, நீர்நிலையோ கேள்வியில் இருந்தால் என்வி-மெட் பக்கம் போகலாம்.

சோல்வெய்க்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. இலைக்கூட்டத்தை ஊடுருவும் வெயில் 3 சதவீதம் என்று அதன் இயல்பு அமைப்பு வைத்துக்கொள்கிறது. இலை மெலிந்த மரத்துக்கும் அப்படியே விட்டால், உண்மையில் இல்லாத குளுமையை வரைபடம் காட்டும்.

உடல் உணரும் வெப்பத்தை ஒரே எண்ணாகச் சொல்லும் குறியீட்டைத் தேர்வதிலும் இதே கவனம் தேவை. பெட் (PET) என்ற குறியீடு, 0.9 குளோ (உடையின் வெப்பக்காப்பை அளக்கும் அலகு) அளவு உடுப்பை வைத்துக் கணக்கிடுகிறது. ஏறக்குறைய கோட்டும் சூட்டும். வெப்பமான ஊர்களில் யார் அப்படி நடக்கிறார்கள்? யூடிசிஐ (UTCI) என்ற இன்னொரு குறியீடு வெப்பத்துக்கேற்ப உடையை மாற்றிக்கொள்ளும். மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவரை எடுத்துக்கொள்ளும். ஆனால் அது கேட்பது 10 மீட்டர் உயரக் காற்றை. தலைமட்டத்தில் அளந்த காற்றை அப்படியே ஊட்டினால், வெயில் நேரங்களில் வெப்ப அழுத்தத்தைக் கூடுதலாகக் காட்டும். கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் பிழை இது.