வேலூரின் நோய் வரைபடங்கள்: க்யூஜிஐஎஸ் போதுமா, ஆர் மொழி வேண்டுமா?

டெங்கு நோயாளிகளின் எண்ணிக்கையை வட்டம் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் வரைபடமாக்க, வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ், புள்ளியியல் நிரல்மொழியான ஆர் ஆகிய இரண்டையும் பயன்படுத்திய பிறகு, நான் ஆர் மொழியையே தேர்ந்துகொண்டேன். இரண்டுமே இலவசம். ஓர் ஆண்டுக்கு ஒரு படம் போதுமென்றால் க்யூஜிஐஎஸ்தான் எளிது. ஊர்ப் பெயர்களைத் தமிழில் இட்டு, வேண்டிய இடத்துக்கு நகர்த்துவதும் அதில் சுலபம்.

பல ஆண்டுகளை வரிசையாக வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானபோது அரக்கோணமும் ஆற்காடும் வாலாஜாவும் இராணிப்பேட்டைக்கும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும் போயின. 2018ஆம் ஆண்டின் வேலூரை 2020ஆம் ஆண்டின் வேலூரோடு அப்படியே ஒப்பிட்டால், கொசு ஒழிப்பில் யாரும் செய்யாத சாதனையைப் படம் காட்டிவிடும். எனவே பழைய வட்ட எண்ணிக்கைகளை இன்றைய மாவட்ட எல்லைகளுக்குள் மறுபடி கூட்டியாக வேண்டும். ஆரில் எந்த வட்டம் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்ற அட்டவணை ஒன்றை எழுதி, எல்லைத் தரவைக் கையாளும் எஸ்எஃப் என்ற துணை நிரல் தொகுப்பைக் கொண்டு எல்லைகளை இணைத்துவிட்டால், நாளை இன்னொரு மாவட்டம் பிரிந்தாலும் அட்டவணையில் சில வரிகளைத் திருத்தி நிரலை ஓட்டினாலே போதும். எல்லா ஆண்டுப் படங்களும் ஒரே நிற அளவுகோலுடன் வந்துவிடும். க்யூஜிஐஎஸ்ஸில் இதையே மவுஸால் செய்பவர் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். அவருக்குப் பின் அந்த இருக்கைக்கு வருபவருக்கு எது, ஏன் மாற்றப்பட்டது என்பதும் எளிதில் புலப்படாது. பைத்தான் நிரலால் அங்கும் இதைத் தானியங்கியாக்கலாம். எனக்கு அதில் பழக்கம் குறைவு என்பதால் அவ்வழியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஜவ்வாது மலைப் பகுதி போல மக்கள்தொகை குறைந்த இடங்களில் ஓரிருவர் கூடினாலே நோய் விகிதம் எகிறிவிடும். அண்டைப் பகுதிகளின் தரவைத் துணைக்கொண்டு அதைச் சமன்செய்யும், 1991இல் வெளியான பேசாக்-யார்க்-மோலியே என்ற புள்ளியியல் மாதிரியை ஆரின் இன்லா தொகுப்பிலேயே ஓட்டலாம்.

ஆருக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. 2023 அக்டோபரில் ஆர்ஜிடால், மேப்டூல்ஸ் என்ற பழைய வரைபடத் தொகுப்புகள் ஆரின் பொதுக் களஞ்சியத்திலிருந்து விலக்கப்பட்டபோது, அவற்றை நம்பிய பழைய நிரல்களைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. தொகுப்புகளின் பதிப்பு எண்களைக் குறித்துவைப்பது நல்லது.

மாவட்ட மொத்தம் மட்டுமே பதிவாகியுள்ள பழைய ஆண்டுகளை எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. அந்த ஆண்டுகளுக்கு மட்டும் பிரிக்கப்படாத வேலூரை ஒரே பரப்பாக, ஒரே நிறத்தில் வரைகிறேன்.